ஜாக்கியில் தூக்கும்போது கார் நகர்கிறது: உதவி தேவை

முன்வாசல்:
வணக்கம். முன் இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக் பட்டையைப் பார்க்கலாம் என்று இன்று காலை ஜாக்கி வைத்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணமே கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, ஜாக்கி சாய்ந்து, வண்டி தொப்பென்று இறங்கிவிட்டது. கதவுக்குக் கீழுள்ள விளிம்பு சற்று மடங்கியதோடு தப்பித்தேன். ஜாக்கிதான் பழுதா? திங்கட்கிழமை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஈசூன் இரவுப்பணி:
என்ன கார், ஆட்டோவா மேனுவலா, தரை எப்படிப்பட்டது, ஜாக்கியை எங்கே கொடுத்தீர்கள் என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நிறுத்துமிடம் என்றால், அங்கே பழுதுபார்க்க அனுமதி உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கை ரோடு ரசிகன்:
ஜாக்கியின் எண்ணெயைப் பாருங்கள். 2017இல் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை மூடப்படுவதற்குச் சற்று முன்பு நான் வாங்கிய 2 டன் ஜாக்கி, தூக்கிய உயரத்தில் நிற்காமல் தானாக இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முன்பு வைத்திருந்தவர் ஜாக்கி எண்ணெய்க்குப் பதிலாக பிரேக் எண்ணெயை ஊற்றியிருந்ததால் உள்ளேயிருந்த ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போயிருந்தன.

பழைய ஸ்பேனர்:
ஜாக்கி இறங்குவது வேறு, கார் நகர்வது வேறு. இந்த வேறுபாட்டை ஆண்டுக்கு நான்கு முறையாவது இங்கே எழுதுகிறேன். இது தெரியாதவர்கள் காக்கி புக்கிட் பட்டறைக்குப் போவதே அவர்களுக்கும் விளிம்புக்கும் நல்லது.

முன்வாசல்:
டொயோட்டா வயோஸ், ஆட்டோ. கியர் பி-யில்தான் (பார்க்கிங்) இருந்தது, அதையெல்லாம் சொல்ல வேண்டுமா? தரைவீட்டு முன்வாசல், ஓடு பதித்த தரை, மழைநீர் வடிய கேட் பக்கம் கொஞ்சம் சரிவு. சக்கரம் வைத்த ஜாக்கி. ஓடு உடையாதிருக்க அதன் கீழ் ஒரு ஒட்டுப்பலகை போட்டேன்.

ஈசூன் இரவுப்பணி:
கைபிரேக் போட்டீர்களா?

பட்டறைத் தம்பி:
அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி. வயோஸில் என்ஜின் ஓட்டுவது முன்சக்கரங்களை. கைபிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. கியரை பி-யில் வைத்தால் கியர்பெட்டி பூட்டிக்கொள்ளும், ஆனால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இருப்பதால், ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் அது அந்தரத்தில் எதிர்ப்பக்கம் சுழல, தரையிலிருக்கும் மற்றது தாராளமாக உருளும். சரிவில் அதுவே போதும். ஆகவே கைபிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் கேட் பக்கமாகக் கட்டை கொடுங்கள். இன்னொன்று, ஜாக்கியின் கை வில்லாக வளைந்து மேலேறுவதால், அதன் நுனியில் காரைத் தாங்கும் கிண்ணம் முன்பின்னாக நகரும். அந்த நகர்வுக்கு ஈடுகொடுத்து ஜாக்கி உருள வேண்டும். ஒட்டுப்பலகையின் விளிம்பிலோ ஓட்டின் இடுக்கிலோ அதன் இரும்புச் சக்கரம் சிக்கினால் கிண்ணம் விளிம்பிலிருந்து நழுவும். பலகை போடத்தான் வேண்டுமென்றால் ஜாக்கியை விட அகலமாகவும் நீளமாகவும் போடுங்கள்.

பழைய ஸ்பேனர்:
தம்பி பாதிதான் சொன்னார். ஜாக்கி உருளாத இடத்தில் கார்தான் உருண்டு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் காலத்தில் கைபிரேக்கைத் தளர்த்திவிட்டுத் தூக்குவோம்.

பட்டறைத் தம்பி:
அது சமதரைப் பட்டறையில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும்போது செய்வது, ஐயா. சரிந்த வாசலில் தனியாகச் செய்பவருக்கு அதைச் சொல்லாதீர்கள்.

பழைய ஸ்பேனர்:
சமதரையைத்தான் சொன்னேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

சுங்கை ரோடு ரசிகன்:
இருந்தாலும் எண்ணெயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஈசூன் இரவுப்பணி:
விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கி. நட்டுகளைச் சக்கரம் தரையிலிருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். திரும்பப் பூட்டியபின் காரை இறக்கிவிட்டு 103 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். முடிந்தால் காரைச் சரிவு குறைந்த இடத்தில் நிறுத்துங்கள்.

முன்வாசல்:
கைபிரேக் போடவில்லை. ஆட்டோவில் நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது இழுத்து, கட்டை கொடுத்துத் தூக்கினேன், நகரவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டேன், பட்டை தேய்ந்துதான் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

பட்டறைத் தம்பி:
மகிழ்ச்சி. கார் இப்போது ஜாக்கியில் மட்டும் நிற்கிறதா, அடியில் காரைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்துவிட்டீர்களா?

ஈசூன் இரவுப்பணி:
முன்வாசல், ஸ்டாண்டு?