ஜீவனாம்ச வழக்கு சமரசத்தில் முடிந்தால் வக்கீல் செலவு யாருடையது?

மண்டபம் வாசகி:
என் தங்கை தன் ஆறு வயது மகளுக்காக ஜீவனாம்சம் கேட்டு, கணவர் மீது ராமநாதபுரத்தில் மனுப் போட்டிருக்கிறாள். அவருக்கு விசைப்படகில் பங்கு உண்டு. இப்போது இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி, மாதம் ஏழாயிரம் ரூபாய் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டால், சமரசம் என்றால் அவரவர் செலவு அவரவருக்குத்தான் என்கிறார்கள். சட்டமும் அப்படித்தானா? வற்புறுத்தினால் பேச்சே முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

ராமநாதபுரம் வழக்கறிஞர்:
சகோதரி, அவரவர் செலவு அவரவருக்கு என்பது வழக்கமே தவிர, சட்டத்தின் கட்டாயம் அல்ல. சமரச மனுவில் செலவைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் நீதிமன்றம் பெரும்பாலும் செலவுத்தொகை இல்லாமலே வழக்கை முடித்துவிடும் என்பதால், கையெழுத்துக்கு முன்பே அதைப் பேசி எழுத வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சத்துடன் வழக்குச் செலவையும் தரும்படி உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. 145ஆம் பிரிவின்படி நியாயமான செலவுத்தொகையையும் விதிக்கலாம். ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. வழக்கு நடந்தால் நீதிமன்றமே தரக்கூடிய ஒன்றைத்தான் கேட்கிறீர்கள் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

செலவை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், குழந்தையின் மாதத் தொகையைக் குறைத்து அதை ஈடுகட்ட மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குழந்தையின் உரிமை. தாய் எழுதிக் கொடுப்பதால் அது அற்றுப்போகாது. செலவுத்தொகையைத் தனிப் பத்தியாக, தொகையும் தேதியும் குறித்து எழுதுங்கள். ஊர்ப் பேச்சை நம்பி மனுவைத் திரும்பப் பெற்றுவிடாமல், சமரசத்தைப் பதிவு செய்து அதன்படி உத்தரவு போடுமாறு கேளுங்கள். உத்தரவு இருந்தால்தான், பணம் வராதபோது வாரண்ட் கேட்க முடியும். பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் அதற்கு மனுச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீழக்கரை வாசகி:
பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இது தெரியாமல் எத்தனையோ வீடுகளில் நகை அடகுக்குப் போவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கொடுத்துவிட்ட கட்டணம் இதனால் திரும்பாது. ஆனால் நாளை தொகையை உயர்த்தவோ பாக்கியை வசூலிக்கவோ மனுப் போடும்போது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

மண்டபம் வாசகி:
இருவருக்கும் நன்றி. மீன்பிடித் தடைக்காலத்தில் தம்மிடம் பணம் இருக்காது என்று தங்கையின் கணவர் சொல்வதற்கு என்ன பதில் சொல்வது?

ராமநாதபுரம் வழக்கறிஞர்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளிக் கட்டணம் வருவதும் அதையொட்டித்தான். ஆகையால் குழந்தையின் தொகை பன்னிரண்டு மாதமும் மாறாமல் இருக்கட்டும். வக்கீல் செலவை மட்டும், தொழில் நடக்கும் ஜூலை முதல் மார்ச் வரையிலான மாதங்களில் தவணையாகத் தரலாம் என்று எழுதினால், அவரும் மறுப்பது கடினம்.