சாயங்காலம் 3 பிபிஎம், விடிஞ்சா அரை: குளோரின் எங்கே போகுது?

கரட்டடி_குளம்:
சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம். வீட்டு நீச்சல் குளம் 8க்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25, அதாவது 40,000 லிட்டர். டைல்ஸ் ஒட்டினது, சாண்ட் ஃபில்டர், மோட்டார் தினம் 6 மணி நேரம், போர் தண்ணீர். 8 மாசமா 200 கிராம் டிசிசிஏ (மெல்லக் கரையற குளோரின்) மாத்திரை வாரத்துக்கு 4, மிதவையில் போட்டு விடறோம். சாயங்காலம் 7 மணிக்குக் குளோரின் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) காட்டுது, காலையில் 6 மணிக்குப் பார்த்தா அரைதான். தண்ணீர் தெளிவு, ஆனா ஏணிக்குப் பின்னாடி கை வெச்சா வழவழன்னு இருக்கு. பிஎச் 7.8. டெஸ்ட் கிட், மஞ்சளா மாறுமே அந்தச் சொட்டு மருந்து. கடையில் "எல்லாம் வெயில் பண்ற வேலை, ஸ்டெபிலைசர் 2 கிலோ போடுங்க"ன்னாங்க. போடலாமா?

பம்ப்_ரூம்:
போடாதீங்க. ராத்திரி 7லிருந்து காலை 6 வரை ஏதுங்க வெயில்? பகலில் குறைஞ்சா வெயில், இருட்டில் குறைஞ்சா உள்ளே எதுவோ தின்னுது. ராத்திரி இழப்பு 1 பிபிஎம்முக்கு மேல் போனா பாசியோ அழுக்கோ இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு இரண்டரை. அந்த வழவழப்பே பாதி பதில்.

மீதிப் பாதி மாத்திரையில். ஸ்டெபிலைசர்ங்கறது சயனூரிக் ஆசிட். டிசிசிஏவில் அது ஏற்கெனவே பாதிக்கு மேல் இருக்கு. ஒரு 200 கிராம் மாத்திரை உங்க குளத்துக்கு 4.5 பிபிஎம் குளோரின் கொடுக்கும், கூடவே 2.8 பிபிஎம் சயனூரிக்கையும் விட்டுட்டுப் போகும். வாரம் 4 மாத்திரைன்னா 11. குளோரின் செலவாகிடும், இது ஆவியாகவும் போகாது. பேக்வாஷிலும் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவறது) வழிஞ்சு போறதிலும் குறைஞ்சாத்தான் உண்டு. 30லிருந்து 50 வரை இருந்தா வெயிலுக்குக் குடை மாதிரி. அதுக்கு மேல் ஏற ஏற குளோரினைக் கட்டிப் போட்டுடும். இருக்கிற சயனூரிக்கில் 7.5 சதவீதமாவது குளோரின் வேணும். 150 இருந்தா 11 பிபிஎம்முக்கு மேல். உங்க 3ஐப் பாசி மதிக்கவே மதிக்காது.

சொட்டு_கணக்கு:
மேலே சொன்னதோட, முதல்ல கிட்டை மாத்துங்க. மஞ்சள் சொட்டு மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யற குளோரினும் அழுக்கோட சேர்ந்து சோர்ந்து போனதும் அதில் ஒண்ணுதான். டிபிடி கிட்டில் (ரோஸ் நிறமா மாறற சோதனை) 1ஆம் நம்பர் தனிக் குளோரின், அதாவது வேலை செய்யறது மட்டும், 3ஆம் நம்பரும் சேர்த்தா மொத்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் 0.5ஐத் தாண்டக் கூடாது. ஒரு எச்சரிக்கை: குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா டிபிடியின் ரோஸ் நிறம் வெளுத்துப் போய் பூஜ்யம் மாதிரி தெரியும். அதை நம்பி இன்னும் கொட்டிடாதீங்க. குளத்துத் தண்ணீர் 1 பங்கு, ஆர்ஓ தண்ணீர் 4 பங்கு கலந்து பார்த்து, வந்ததை 5ஆல் பெருக்குங்க.

சயனூரிக் டெஸ்ட், அடியில் கரும்புள்ளி மறையுதான்னு பார்க்கறது. அது 100க்கு மேல் காட்டாது. பாதிக்குப் பாதி கலந்து இரட்டிப்பாக்கிக்குங்க.

கரட்டடி_குளம்:
பார்த்தாச்சு. தனிக் குளோரின் 1.5, மொத்தம் 3. சயனூரிக் பாதிக்குப் பாதி கலந்து 90, அப்போ 180! எடுக்க மருந்து ஏதாவது இருக்கா? ஃபில்டர் மணலும் மாத்தணுமா?

பம்ப்_ரூம்:
நம்பற மாதிரி மருந்து இல்லை. தண்ணீரை மாத்தறதுதான் வழி. 180ஐ 45க்கு இறக்க முக்கால்வாசி, 30,000 லிட்டர் வெளியே போகணும். மழைக்காலத்தில் அடியோட காலி பண்ணாதீங்க, நிலத்தடி நீர் ஏறியிருந்தா தொட்டியையே தூக்கிடும். இறைக்கிறதுக்கு முந்தி குளோரினைப் பூஜ்யத்துக்கு விட்டுடுங்க, செடிகொடிக்குப் போனாலும் கருகாது.

மணலைப் பத்தி, ஒரு வாளி சோதனை பண்ணுங்க. இறைக்கிறதுக்கு முந்தியே. குளத்துத் தண்ணீர் 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின்) 1 மில்லி விட்டா 10 பிபிஎம் ஏறும். நிழலில் மூடி வைங்க. அரை மணியில் பெரும்பகுதி காணாம போனா அம்மோனியா, மீன் தொட்டிக் கடைக் கிட்டில் உறுதி பண்ணலாம். விடிய விடிய வாளியில் நிக்குது, குளத்தில் மட்டும் குறையுதுன்னா, திங்கறது தண்ணீரில் இல்லை. சுவரிலோ மணலிலோ ஒட்டியிருக்கு. அப்போதான் ஃபில்டரைத் திறங்க. மணல் கட்டி தட்டியிருந்தா, தண்ணீர் ஒரே ஓட்டை வழியா ஓடற பள்ளம் தெரிஞ்சா மாத்துங்க. இல்லேன்னா நல்லா பேக்வாஷ் போதும்.

புதுத் தண்ணீர் நிரப்பினதும் பிஎச்சை 7.2க்கு இறக்குங்க. ஆசிட் கால் லிட்டர் கால் லிட்டரா, மோட்டார் ஓட, ஒரு மணி நேரம் விட்டு அளந்து. ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே நேரத்தில் வேண்டாம், விஷவாயு கிளம்பும். அப்புறம் ஏணி, லைட் கூடு, ஸ்கிம்மர் (மிதக்கற குப்பையை இழுக்கறது) வாய், அடி மூடிக்குக் கீழே எல்லாம் பிரஷ். லைட்டுக்குப் பின்னாடி பாசியை விட்டா ஒரு வாரத்தில் மறுபடி இதே கதை.

முன்னே சொன்ன 7.5 சதவீதம் தினப்படிக்கு. இருக்கிற பாசியைக் கொல்ல, சயனூரிக் 45க்கு 18 பிபிஎம் குளோரின் வேணும். 10 சதவீத ஹைப்போ 1 லிட்டர் உங்க குளத்தில் 2.5 ஏத்தும், ஆக 7.2 லிட்டர். மோட்டார் நிக்கக் கூடாது. பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தரம் அளந்து, குறைஞ்சதை மட்டும் போட்டு 18லயே நிறுத்துங்க. ஒரே தரம் போட்டுட்டு விடறது காசைத் தண்ணீரில் கொட்டறது. ராத்திரி இழப்பு 1க்குள், மொத்தத்துக்கும் தனிக்கும் வித்தியாசம் 0.5க்குள் வந்தா முடிஞ்சது. சாதாரண அளவுக்கு இறங்கற வரை யாரும் குளிக்க வேண்டாம்.

சொட்டு_கணக்கு:
ஹைப்போ கேனைச் சேலத்து வெயிலில் வெச்சா நாளுக்கு நாள் வீரியம் இறங்கும். புதுசா, கொஞ்சமா வாங்குங்க. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மேக்னசைட் (மக்னீசியம் தாது) பூமி, போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு மேல் பவுடரில் இருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்தா டைல்ஸில் வெள்ளைப் படிவம்தான்.

சில்வர்_ஓக்:
ஏற்காட்டிலிருந்து ஒண்ணு. இங்கே ராத்திரி இழப்புக்குப் பாதிக் காரணம் ஸ்கிம்மர் கூடையில் ஊறற இலை. அங்கேயும் குளத்துக்கு மேல் வேம்போ புங்கனோ இருந்தா கூடையைச் சாயங்காலமே காலி பண்ணிட்டு அளங்க. புதுப் போர் தண்ணீரில் குளோரின் விட்டதும் டீ நிறம் ஆச்சுன்னா அது இரும்பு, பாசின்னு நினைச்சு இன்னும் ஊத்தாதீங்க, ஃபில்டரை ஓட்டுங்க.

இன்னொண்ணு, அந்த மாத்திரை மிதவை. அதில் கால்சியம் ஹைப்போவை (திடமா வர்ற இன்னொரு குளோரின்) போடவே போடாதீங்க. உள்ளே டிசிசிஏ தூள் கொஞ்சம் மிச்சமிருந்து ஈரமும் பட்டா வெடிக்கும். அள்ளற கரண்டியும் தனித்தனி.