மறு: 'தொரம்ப்பு' என்ன வகைக் கடன்சொல்?

வணக்கம். ஜப்பானிய மொழிப் பாடநூல் ஒன்றின் சொற்பட்டியல் நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் 'டிரம்ப்' என்றால் துருப்புச்சீட்டு மட்டும், ஜப்பானில் 'தொரம்ப்பு' என்றால் சீட்டுக்கட்டு முழுவதும். மெய்ஜி காலத்தில் (1868–1912) வெள்ளைக்காரர்கள் ஆடும்போது அடிக்கடி 'டிரம்ப்' என்றதைக் கேட்டு, சீட்டுக்கே அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். இப்படி வாங்கும்போதே பொருள் நகர்ந்த சொல்லைத் தமிழில் எப்படி அழைப்பது?

—

திரிகடன். சுருக்கம், தூய தமிழ்.

—

ஐயா, திரிசொல்லுக்குத் தொல்காப்பியர் வேறு வேலை கொடுத்திருக்கிறார்: ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அதோடு திரிகடன் என்றதும் எனக்குச் சுக்கு, மிளகு, திப்பிலிதான் ஞாபகம் வருகிறது. புதுப்பெயரே எதற்கு? துருப்பு கட்டின் ஒரு பகுதி, அது முழுக்கட்டுக்கும் ஆகிவந்திருக்கிறது. 'தலைக்குப் பத்து ரூபாய்' மாதிரி சினையாகுபெயர். முடிந்தது.

—

முடியவில்லையே அம்மா, பட்டியலில் அடுத்தது 'மிஷின்'. ஆங்கில 'மெஷின்'தான், ஆனால் அங்கே தையல் இயந்திரத்துக்கு மட்டும். பொதுவாக இயந்திரத்துக்குக் 'கிகாய்' இருக்கிறது, போதாததற்கு அதே ஆங்கிலச் சொல்லை இன்னொரு முறை 'மஷின்' என்றும் வாங்கிவைத்திருக்கிறார்கள்.

—

அப்போது அது முதலாகுபெயர், முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆகிவருவது.

—

எப்படி? தையல் மெஷின் என்ன மெஷினுக்கு உறுப்பா? அது ஒரு வகை. பொதுப்பெயர் சிறப்புக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நம்மூரில் 'மிஷின்ல குடுத்து அரைச்சிட்டு வா' என்றால் மாவு மில், அதற்கு யாராவது ஆகுபெயர் சொல்லி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்களா? இன்னொன்று, 'கார்த்தா' என்ற போர்த்துகீசியச் சொல் ஜப்பானில் 'கருதா' ஆகி உள்ளூர்ச் சீட்டுகளுக்கு ஒட்டிக்கொண்டது, அதனால்தான் பின்னால் வந்த கட்டுக்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். நம் 'துருப்பு' மட்டும் யார் கொடுத்தது, போர்த்துகீசியரா, டச்சுக்காரரா, ஆங்கிலேயரா?

—

துருப்புக்குத் தனி இழை போடுங்கள், புண்ணியமாய்ப் போகும். நான் 'பொருள்மாறிய கடன்சொல்' என்றே எழுதி அனுப்பிவிடுகிறேன், வகுப்பில் விளக்கவே வேண்டாம்.

—

சரி.

—

ஒப்புக்கொள்கிறேன், தூக்கம் வருகிறது.

—

இது கலைச்சொல் இல்லை, கலைச்சொல்லுக்கு எழுதிய உரை. அனுப்புங்கள், தடுக்கவில்லை. என் பங்குக்கு 'ஆகுகடன்' என்பதைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். திரிகடனை விட மோசமில்லை.