சூரியகாந்தி வயலைப் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாமா?

கேள்வி: சுந்தரபாண்டியபுரத்துக்காரி

வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். சாரல் சீசனில் சூரியகாந்தி பூத்துவிட்டால் குற்றாலம் வருகிற கேரளா வண்டியெல்லாம் எங்க ரோட்டோரம் நின்றுவிடும். பிள்ளை குட்டியோடு வயலுக்குள் இறங்கிப் போட்டோ எடுப்பாங்க. அவங்க சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் வரப்போரத்துச் செடியெல்லாம் சாய்ஞ்சு போகுது. பூவையும் ஒடிச்சுக்கிட்டுப் போயிடுறாங்க. விதையை நம்பி இருக்கிற எனக்கு அது கட்டுப்படியாகலை.

இந்த வருஷம் அரை ஏக்கரைப் பார்க்க வருகிறவங்களுக்கென்றே ஒதுக்கி, ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கலாமென்று இருக்கேன். ஓணத்துக்குக் கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் போடவும் ஆசை. "பூவைப் பார்க்கவா காசு?" என்கிறார் வீட்டுக்காரர். செய்து பார்த்தவங்க சொல்லுங்க.

பதில்: மலர்ச்சந்தை

தாராளமா வாங்குங்க அக்கா. கர்நாடகாவில் குண்டல்பேட்டைப் பக்கம் போட்டோ எடுக்கக் காசு வாங்கித்தான் வயலுக்குள் விடுறாங்க. கேரளாக்காரங்களுக்கு அது புதுசில்லை.

பதில்: கரிசல்காட்டம்மா

தங்கச்சி, காசு வாங்குறதில் கூச்சம் வேண்டாம். உழுது, விதைச்சு, தண்ணி பாய்ச்சினது நீ. எனக்கு இதில் ரெண்டு விஷயம்தான் முக்கியம்: விதைப்புத் தேதி, நடைபாதை.

அரை ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காதே. விதைச்சு ஐம்பத்தஞ்சு, அறுபது நாளில் பூ வரும். ஒரு பாத்தி பளிச்சென்று நிற்கிறது பத்து நாள் இருந்தால் பெரிசு, அப்புறம் தலை கவிழ்ந்துவிடும். மூணாகப் பிரிச்சு, வைகாசி பிறந்ததும் முதல் பங்கு, பத்துப் பத்து நாள் விட்டு அடுத்ததுகள் என்று போடு. ஆடி முழுக்க ஏதோ ஒரு பங்கு பூவோடு நிற்கும். ஓணம் ஆவணியில் வருது. அதுக்கும் சூரியகாந்தி வேணுமென்றால் ஆனியில் இன்னொரு பங்கு. கேந்திக்கு நாற்றங்காலில் ஒரு மாசம், நட்ட பிறகு ரெண்டு மாசம் வைச்சுக்கோ.

நடைபாதையைக் கிழக்கு வரப்பில் போடு. மொட்டாக இருக்கிறப்போதான் சூரியகாந்தி சூரியனோடு திரும்பும். விரிஞ்சு முற்றின பூ கிழக்கே பார்த்து நின்னுடும். மேற்கே நின்னா பூவின் முதுகுதான் தெரியும், முகத்தைத் தேடித்தான் சனங்க செடியை மிதிச்சுக்கிட்டு உள்ளே போறாங்க. கிழக்குப் பக்கம் நாலடி அகலத்துக்குப் பாதையும், நடுவில் வயலுக்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்னச் சந்தும் விட்டால் போதும், மிதிபடாது. காலை வெயிலும் பூ முகத்தில் விழும், படம் அழகா வரும்.

பூத்திருக்கிற நாளில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. தேனீ வந்தால்தான் விதை பிடிக்கும், ஆளுங்களும் நடமாடுற இடம். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பூவை மெல்லிய துணியால் லேசா ஒத்தி விட்டால் மகரந்தம் சேர்ந்து பொக்கு விதை குறையும். வருகிற பிள்ளைகளையே செய்யச் சொல், ஆசையா செய்யுங்க.

பதில்: வரப்பு

மேலே சொன்னது அத்தனையும் சரி. முதலில் கிணற்றைப் பாருங்கக்கா. பின்னாடி நகர்ந்து நகர்ந்து செல்ஃபி எடுக்கிறவங்களுக்குத் தரைமட்டக் கிணறு கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவு சுவரோ கம்பி வேலியோ இல்லாமல் ஒரு ஆளைக்கூட உள்ளே விடாதீங்க.

டீக்கடை, விளக்கு போடுறதா இருந்தால் இலவச மோட்டார் கரண்டிலிருந்து இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்கணும். சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். நுழைவுக் கட்டணம் விவசாய வருமானத்தில் சேராது, தனி நோட்டில் எழுதி வையுங்க.

சுந்தரபாண்டியபுரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. என் பாதை இத்தனை நாளும் மேற்கில்தான் இருக்கு, ரோடு அந்தப் பக்கம் என்பதால். ரோட்டிலிருந்து கிழக்கு வரப்புக்குச் சுற்றிப் போக வழி விடலாம், இடம் இருக்கு. கிணற்று வேலிக்கு நாளைக்கே ஆள் சொல்றேன். அக்கா, கேந்தி நாற்று தென்காசிப் பக்கம் எங்கே நல்லதாகக் கிடைக்கும்?