அம்மாவுக்குக் கால் வீங்குது: பிரஷர் மாத்திரையோட வலிக்கு ‘செட்’ போடலாமா?

முக்கூடல் மகள்:
அம்மாவுக்கு 61 வயசு, பீடி சுத்துதாங்க. காலைல சொளவ (முறத்த) மடியில வச்சா பொழுது சாயுற வரை குனிஞ்ச தலை நிமிர மாட்டாங்க. கழுத்து, இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல ரெண்டு மூணு மாத்திரையைச் சேத்துக் கொடுக்குற செட் வாங்கிப் போடுவாங்க. முன்னாடி எப்பவாவதுதான். சித்திரையில இருந்து தினம் ரெண்டு வேளை. பத்து நாளா கணுக்கால் வீக்கம். விரலால அமுக்கினா குழி அப்படியே நிக்குது. ஒண்ணுக்கும் கம்மியாத்தான் போகுதாம். “காய்ச்சல் மாத்திரை மாதிரிதாம்ட்டி இதுவும்”னு சொல்லுதாங்க. எனக்குப் பயமா இருக்கு.

பாளை மருந்தாளுநர்:
செட் கவர்ல என்ன பேரு இருக்கு? பிரஷருக்கு என்ன மாத்திரை?

முக்கூடல் மகள்:
அட்டையைக் கத்தரிச்சுக் கொடுத்ததுல பாதிப் பேருதான் இருக்கு. ‘ஃபினாக் 50’னு தெரியுது. கூட பேரே இல்லாத மஞ்சள் மாத்திரை ஒண்ணு. பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. தண்ணியும் சரியா குடிக்க மாட்டாங்க. எந்திரிச்சா பீடிக் கட்டுக் கணக்கு குறையுமாம்.

ஆலங்குளம் அண்ணன்:
கேஸ் மாத்திரை சேத்துப் போடச் சொல்லுங்க, ஒண்ணும் செய்யாது. எங்க வீட்ல அப்படித்தான்.

பாளை மருந்தாளுநர்:
அண்ணாச்சி, கேஸ் மாத்திரை வயித்துப் புண்ணைத்தான் தடுக்கும். கிட்னியைக் காப்பாத்தாது.

தங்கச்சி, அது டைக்ளோஃபினாக் மாதிரி தெரியுது. கிட்னி வடிகட்டிக்குள்ள ரத்தம் நுழையுற குழாயைத் திறந்து வைக்கிறது புரோஸ்டாகிளாண்டின்னு உடம்பே சுரக்குற பொருள். வலி மாத்திரை அதைக் குறைக்கும். ரத்தம் வெளியேறுற குழாயை டெல்மிசார்டான் தளத்தும். இன்னொண்ணு நீர் மாத்திரை, உடம்புல இருக்குற தண்ணியை இறக்கும். ஆத்துல வரத்து கம்மி, வாய்மடை அடைச்சிருக்கு, கடைமடை தெறந்து கிடக்குன்னா வாய்க்கால்ல மட்டம் நிக்குமா? அதுல அம்மா தண்ணியும் குடிக்கிறதில்ல. தனித்தனியா பாத்தா எல்லாம் நல்ல மருந்துதான், மூணும் சேர்றதுதான் ஆபத்து. பிரஷரையும் இந்த வலி மாத்திரை ஏத்திவிடும்.

இன்னிக்கே செட்டை நிறுத்துங்க. பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். வீக்கம் இருக்கறதால ஒரேயடியா தண்ணியைக் குடிக்க வைக்கவும் வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), பொட்டாசியம், ஒண்ணுக்கு டெஸ்ட் பாருங்க. அந்த மஞ்சள் மாத்திரையையும் காட்டுங்க. சில செட்ல ஸ்டீராய்டு இருக்கும், ரொம்ப நாள் போட்டிருந்தா திடீர்னு நிறுத்துறதும் தப்பு, அதான் தள்ளிப் போடாம நாளைக்கே காட்டச் சொல்றேன். மூச்சு வாங்கினாலோ, ஒண்ணுக்கே போகலன்னாலோ, வெளிக்கி தார் மாதிரி கறுப்பாப் போனாலோ விடியுற வரை இருக்காதீங்க, ராத்திரியே பாளை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க.

கடையம் அக்கா:
நானும் இருபது வருசம் சுத்தினவதான். வலி பொறுக்கலன்னா எதைத்தான் போட?

பாளை மருந்தாளுநர்:
பாராசிட்டமால் 500, ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு. நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். ஈரல் கோளாறு இருந்தா டாக்டரைக் கேக்காம அதுவும் வேண்டாம். அசிக்ளோஃபினாக்ங்கிற வலி மாத்திரையோட கலவை பலதுல பாராசிட்டமால் 325 ஏற்கெனவே இருக்கும், அதையும் கணக்குல சேருங்க. பிரஷர், சுகர், அல்சர், ஆஸ்துமா எதுவும் இல்லாதவங்க இப்யூப்ரோஃபென் போட்டாலும் சாப்பிட்ட பிறகு, குறைஞ்ச அளவுல, ரெண்டு மூணு நாளைக்கு மேல வேண்டாம். டெங்குவா இருக்குமோன்னு சந்தேகப்படுற காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் வகையே ஆகாது, ரத்தக் கசிவு கூடும். கர்ப்பிணிகளும் கேக்காம தொடக் கூடாது.

முக்கூடல் மகள்:
போயிட்டு வந்தோம். கிரியாட்டினின் 1.9, இருக்க வேண்டியதை விடக் கூடுதல். நல்ல நேரத்துல வந்தீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மஞ்சள் மாத்திரை ஸ்டீராய்டு இல்லையாம். நீர் மாத்திரையை மாத்தி எழுதிருக்காங்க, அடுத்த வாரம் திரும்பப் பாக்கணும். அம்மா இப்ப ஒரு செம்புத் தண்ணியைச் சொளவு பக்கத்துலேயே வச்சிருக்காங்க, எவ்வளவு குடிக்கணும்னும் டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. அடுத்த வீட்டு மதினியும் அதே கடையில அதே செட்டுதான் வாங்குதாங்க, அவங்களுக்கு சுகர் வேற. கூட்டிட்டுப் போகவா?

பாளை மருந்தாளுநர்:
கூட்டிட்டுப் போங்க. கவரைத் தூரப் போட்டுராம எடுத்துட்டுப் போங்க.