நவம்பர் மதியம் டெல்லி நார்த் கேம்பஸில் கேமராவோடு நடக்க எங்கே ஆரம்பிக்கலாம்?

மயூர்விஹார்_மங்கை

வணக்கம். திருச்சியிலிருந்து வந்து மயூர் விஹாரில் இருக்கிறேன். ஆபீஸ் அண்ணா ஒருவரிடமிருந்து பழைய நிகான் டி5600 வாங்கியிருக்கிறேன், 18-55 கிட் லென்ஸ்தான் இருக்கிறது. வர சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டெல்லி யுனிவர்சிட்டி பக்கம் போய் இருட்டும்வரை நடந்து படம் எடுக்கலாம் என்று ஆசை. பழுத்த இலை கொட்டிக் கிடக்கும் சாலை, சிவப்புக் கட்டடம், அந்த மாதிரி. ஆனால் வானம் முழுக்க இந்தப் பாழாய்ப்போன புகை. போனால் ஏதாவது தேறுமா? கல்லூரிக்குள் விடுவார்களா? கேம்பஸை ஒட்டிய ரிட்ஜ் காட்டுக்குள் தனியாகப் போகலாமா?

திமார்ப்பூர்வாசி

உதிர்ந்த இலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இங்கே அரசும் வேம்பும் இலை கொட்டுவது பிப்ரவரி கடைசி, மார்ச்சில். ஊர்க்காரர்கள் இலையுதிர் காலம் என்று சொல்லிக்கொள்ளும் அக்டோபர், நவம்பரில் மரமெல்லாம் மழை குடித்த பச்சையோடு, மேலே தூசி படிந்து நிற்கும்.

நவம்பரில் கிடைப்பது வெயில்தான். நடுமதியத்திலேயே சூரியன் வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் ஏறாது, மாத நடுவில் ஐந்தரைக்கெல்லாம் அடங்கிவிடும், அதனால் மூன்று மணிக்கே நம் ஊரில் ஐந்து மணிக்கு விழுகிற மாதிரி சாய்ந்த வெயில். அது செங்கல் சுவரில் விழுவதைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு நார்த் கேம்பஸை விட்டால் வேறு இடம் சொல்லத் தெரியவில்லை. ஸ்டீபன்ஸ், மிராண்டா ஹவுஸ் இரண்டு கல்லூரிக் கட்டடத்தையும் வடிவமைத்தவர் ஒருவரே, வால்டர் ஜார்ஜ். அலங்காரம் அதிகம் கிடையாது, வளைவும் நிழலும்தான். மேற்குப் பார்த்த சுவராகப் பார்த்து நில்லுங்கள், ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும் தனியாகத் தெரியும்.

மயூர் விஹாரில் ப்ளூ லைன் ஏறி ராஜீவ் சௌக்கில் எல்லோ லைனுக்கு மாறி விஸ்வவித்யாலயாவில் இறங்குங்கள். இரண்டரைக்குள் அங்கே இருந்தால் நல்லது. ஆனால் சனிக்கிழமையை விட வேலைநாள் மேல், மூன்று மணிக்கு வகுப்பு விட்டுப் பிள்ளைகள் சாலைக்கு வருவார்கள், ஆள் இல்லாத கட்டடப் படம் காலண்டர் படம்தான்.

கிட்லென்ஸ்_அக்கா

வேலைக்குப் போகிற பெண்ணிடம் வேலைநாளில் போ என்றால் எப்படி? சனிக்கிழமையே போம்மா.

புகைக்கு வருகிறேன். தூரத்தில் இருப்பதை எடுத்தால் வெளுத்துப் போகும், நடுவில் அவ்வளவு தூசி நிற்கிறது, எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. கிட்டப் போய்விடு. உன் 18-55க்கு அது சௌகரியமும்கூட. இரண்டாவது, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைக்கிற பழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட்டு, வெயிலுக்கு எதிரே நின்று பார். சாலையோர மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும், முன்னால் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று கருப்பாக வந்து நின்றால் போதும், புகையே உனக்கு வேலை செய்யும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள், கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடு. வீட்டுக்கு வந்து எடிட்டிங்கில் புகைமூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரைக் கண்டபடி இழுக்காதே, வானம் சேறு மாதிரி ஆகிவிடும்.

காற்றுத் தரம் 'சிவியர்', அதாவது மிகக் கடுமையான மாசு, என்று காட்டினால் கிளம்பவே வேண்டாம், படம் எங்கேயும் போகாது. சுமாராக இருந்தாலும் என்95 மாஸ்க் போட்டுக்கொள். வடமேற்குக் காற்று ஒரு நாள் நன்றாக அடித்தால் மறுநாள் வானம் தெளியும், அந்த நாள் சனிக்கிழமையாக அமைந்தால் உன் அதிர்ஷ்டம்.

கேட்_நம்பர்_தெரியாதவன்

கல்லூரிக்குள் விடுவது சந்தேகம். வாசலில் ஐடி கார்டு கேட்பார்கள், தோளில் பெரிய கேமரா தொங்கினால் இன்னும் நாலு கேள்வி. ஒரு கல்லூரிக் காவலாளி என்னை நிற்க வைத்து மெமரி கார்டு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார், அதில் இருந்ததெல்லாம் எங்கள் பாட்டியின் சதாபிஷேகப் படம். வெளியே சத்ரா மார்க் நடைபாதையிலேயே வேண்டியது கிடைக்கும்.

துணைவேந்தர் அலுவலகம் இருக்கும் பழைய வைஸ்ரீகல் லாட்ஜை, அதாவது வெள்ளைக்கார வைஸ்ராய் தங்கிய மாளிகையை, வெளியிலிருந்தாவது பாருங்கள். 1902இல் கட்டியது, 1933இல் யுனிவர்சிட்டிக்கு வந்தது. கீழே பகத் சிங்கை அடைத்து வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அறை ஒன்று உண்டு. பிப்ரவரியில் மலர்க் கண்காட்சி வரும்போது தோட்டத்துக்குள் பொதுமக்களை விடுவார்கள், தோட்டப் படங்களை அதற்கு ஒத்திப்போடுங்கள்.

மயூர்விஹார்_மங்கை

எல்லாருக்கும் நன்றி! இலை இல்லை என்றதும் கொஞ்சம் சுருங்கிப்போனேன், பரவாயில்லை. வேறு நிறம் எதுவுமே இருக்காதா? ரிட்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மரம்_பார்க்கிறவன்

நிறம் இருக்கிறது. கோரிசியா மரம் இந்த நேரத்தில்தான் டெல்லியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும், தண்டு முழுக்கக் கொழுத்த முள், நம் முள்ளிலவுக்குச் சொந்தக்காரன். இலையை விடப் பூ அதிகமாக இருக்கும், கீழே தரையிலும் அதே நிறம். அக்டோபரில் பூக்கும் ஏழிலைப்பாலை இன்னும் எங்காவது மிச்சம் இருக்கலாம், கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும், சிலருக்குத் தலைவலிகூட வரும்.

அப்புறம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டி ஒன்று எங்காவது நிற்கும். தணலில் சுட்ட கிழங்கைத் தோல் சீவி, இலைத்தொன்னையில் துண்டு போட்டு, மசாலா தூவி எலுமிச்சை பிழிந்து தருவார். முதலில் ஒரு தொன்னை வாங்கிச் சாப்பிடுங்கள், அப்புறம் 'பையா, ஏக் ஃபோட்டோ?' என்று கேளுங்கள். தணல் புகைக்குப் பின்னால் வெயில் வரும் பக்கமாக நின்றால் அக்கா சொன்னது புரியும்.

திமார்ப்பூர்வாசி

ரிட்ஜுக்கு நான் சொல்கிறேன், தினம் நடக்கிற இடம். ஃபிளாக்ஸ்டாஃப் டவர் வரை தாராளமாகப் போகலாம். 1828இல் கட்டிய வட்டக் கோபுரம், சிப்பாய்க் கலகத்தில் 1857 மே 11 அன்று ஊருக்குள்ளிருந்து தப்பி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மீரட்டிலிருந்து படை வரும் என்று இங்கேதான் காத்திருந்தார்கள், படை வரவில்லை, கர்னால் பக்கம் ஓடினார்கள். நாலு மணி வெயிலில் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு என்று கோபுரத்தின் உருண்டை நன்றாக விழும்.

பெரிய பாதையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம், தனியாக வேண்டவே வேண்டாம், வெயில் இருக்கும்போதே வெளியே வந்துவிடுங்கள். குரங்கு ஏராளம். கையில் தின்பண்டம் தெரியக்கூடாது, லென்ஸ் மூடியைக்கூடப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். ஆகவே ரிட்ஜ் முதலில், கிழங்கு பிறகு.

கிட்லென்ஸ்_அக்கா

இந்த சனிக்கிழமை எனக்கும் வேலை இல்லை. துணைக்கு வரட்டுமா? இன்பாக்ஸில் சொல்லு, ரிட்ஜுக்குச் சேர்ந்தே போய்விடலாம். ஸ்பேர் பேட்டரி வைத்துக்கொள், செகண்ட் ஹேண்ட் பேட்டரியை நம்ப முடியாது.