புதுப்பிப்பு: உப்புவெளி விடுதியின் இரண்டு சப்நெட்டும் (உள் வலையமைப்பின் தனித்தனிப் பகுதிகள்) இணைந்துவிட்டன

அலுவலகம் 192.168.10.0/24, கமராக்கள் 192.168.20.0/24, லேயர் 3 சுவிட்ச் (சப்நெட்டுகளுக்கு இடையே தரவை வழிப்படுத்தக்கூடியது) இருந்தும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகவில்லை என்று கேட்டிருந்தேனே, சரி, தீர்ந்தது. இரண்டு விலானுக்கும் (சப்நெட்டுக்கு ஒன்றாகச் சுவிட்சில் பிரித்த தனி வலைகள்) சுவிட்சிலேயே ஐபி முகவரி கொடுத்து, அவற்றுக்கிடையே தரவைக் கடத்தும் ஐபி ரூட்டிங்கை இயக்கி, கணினிகளின் கேட்வேயை (தன் சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசல்) சுவிட்சின் 192.168.10.2க்கு மாற்றினேன். இரண்டும் சுவிட்சோடு நேரடியாக இணைந்தவை, இடையில் தனி ரூட் (பாதை) எழுதத் தேவையில்லை. இணையத்துக்கு மட்டும் ரவுட்டரின் 192.168.10.1ஐ நோக்கி டிஃபோல்ட் ரூட் (வேறு பாதை இல்லாதவை போகும் வழி).

அப்படியும் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் கமராக்களின் கடிகாரம் பிழையாகவே ஓடியது. பக்கெட் (தரவுத் துண்டு) வெளியே போகிறது, பதில் திரும்பி வரும்போது 192.168.20.0 எந்தப் பக்கம் என்று ரவுட்டருக்குத் தெரியாது, அங்கே 10.2 வழியாக ஒரு ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதும் பாதை) போட்டதும் நேரம் சரியாகிவிட்டது. வரவேற்பு மேசை விண்டோஸ் கணினி கமரா பக்கத்துப் பிங்குக்கு வாயே திறக்கவில்லை, அதன் ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் மென்பொருள்) தன் சப்நெட்டை மட்டும் அனுமதித்திருந்தது. புதுச் சுவிட்ச் வாங்கச் சொன்ன தம்பிமாரே, காசு மிச்சம்.